உதவி: கி-9 மாதிரி விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுகிறது

பால்சா பித்தன்:
மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள் கொண்ட ஜப்பானின் தாச்சிகாவா கி-9 பயிற்சி விமானத்தில் மூன்றாவது முன்மாதிரியை மின்மோட்டாரில் பறக்கும்படி கட்டியிருக்கிறேன். அசலில் 150 குதிரைத்திறன் நகாஜிமா எஞ்சின் என்பதால் சிறிய மோட்டாரையே பொருத்தினேன். இறக்கை, உடல் எல்லாம் வரைபடத்தின்படிதான். கையிலிருந்து விட்டதும் மூக்கைத் தூக்குகிறது, வேகம் இழந்து விழுகிறது. வால் தளத்தின் கோணத்தை மாற்றியும் பயனில்லை. எங்கே கோளாறு?

ஈயக்குண்டு:
வாலை விடுங்கள், எடைமையத்தைப் பாருங்கள். பேட்டரியை முடிந்தவரை முன்னே தள்ளுங்கள். போதாவிட்டால் மூக்கில் ஈயம்.

பழைய சிறகு:
ஈயம் வாங்கும் முன் இதைக் கேளுங்கள். அசல் விமானத்துக்கே இந்த வியாதி இருந்தது! 1934 மார்ச்சில் ஜப்பானியத் தரைப்படை கேட்டது ஒரே உடலைத்தான்: பெரிய எஞ்சின் மாட்டினால் இடைநிலைப் பயிற்சி, சிறியது மாட்டினால் தொடக்கப் பயிற்சி. காகிதத்தில் நல்ல சிக்கனம். ரியோகிச்சி எண்டோ வடிவமைத்தார். 350 குதிரைத்திறன் எஞ்சினுடன் 1935 ஜனவரி 7 அன்று முதல் முன்மாதிரி பறந்தது. அந்த வடிவம் படையில் சேர்ந்து ஆயிரக்கணக்கில் உற்பத்தியானது. நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்றாவதில்தான் எடைமையமும் நிலைத்தன்மையும் சிக்கலாயின. அதைக் கைவிட்டு, தொடக்கப் பயிற்சிக்கென்று இலேசான கி-17 விமானத்தைத் தனியாகவே செய்தார்கள். கனமான எஞ்சினுக்கு அளந்த மூக்கில் இலேசானதை வைத்தால் வால் கனக்காமல் என்ன செய்யும்? ஈயம் வைத்தால் சமநிலை வரும்; ஆனால் அந்தப் பாரத்தையும் உங்கள் சிறிய மோட்டார்தான் இழுக்க வேண்டும்.

ஈயக்குண்டு:
இழுக்கட்டுமே, மாதிரிதானே. ஒருமுறை வைத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

பால்சா பித்தன்:
பேட்டரியை முன்னே தள்ளியும் வால்தான் சாய்கிறது. ஈயம் வேண்டாம். பெரிய மோட்டார் போட்டு இதை முதல் முன்மாதிரியாக மாற்றிவிடுகிறேன். சிறிய மோட்டாருக்குக் கி-17 கட்டலாம் என்று ஆசை. அதற்கு மேலிறக்கையிலும் அய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) வைக்க வேண்டுமா?

பழைய சிறகு:
கி-17 முன்மாதிரியில் மேல், கீழ் இரண்டு இறக்கைகளிலும் இருந்தன. உற்பத்திக்குப் போனபோது மேலே இருந்தவற்றை நீக்கிவிட்டார்கள். கீழிறக்கைக்கு இரண்டு சர்வோ (அய்லரானை அசைக்கும் குட்டி மோட்டார்) போதும்.