மாந்தோப்பில் நிற்கும் கேம்பர் டிரெய்லர்: என்ன கவர் போடலாம், எப்படிக் கட்டலாம்?

தோப்பு_வண்டி (காவேரிப்பட்டணம்)

வணக்கம் நண்பர்களே. காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சின்ன கேம்பர் டிரெய்லர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஃபைபர் பாடி, பத்தடி நீளம், உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. ஏற்காடு, மேட்டூர், ஒகேனக்கல் பக்கம் குடும்பத்தோடு போய் வருவதற்காக வாங்கியது. ஆனால் மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால் நான் எங்கேயும் நகர முடியாது, அதனால் மார்ச் முதல் ஜூலை வரை வண்டி தோப்பில் சும்மாதான் நிற்கும். வீட்டு வாசலில் இடம் இல்லை, ஷெட் போடவும் இந்த வருடம் கையில் பணம் இல்லை.

டவுனில் நீலத் தார்ப்பாய் விலை குறைவாகக் கிடைக்கிறது. அதையே இரண்டு மடிப்பாகப் போட்டு, தரை வரைக்கும் இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டால் போதுமா, இல்லை ஆன்லைனில் வருகிற கேரவன் கவர்தான் வாங்க வேண்டுமா? மாமரத்தடியில் நிறுத்துவதா, களத்து மேட்டில் வெட்டவெளியில் நிறுத்துவதா? ஏப்ரல் வெயில், மே மாதத்துக் காற்று மழை, எலி, இந்த மூன்றும்தான் கவலை.

பட்டறை_தருமபுரி

இறுக்கிக் கட்டுங்கள் அண்ணா, ஆனால் காற்றுப் போகாமல் மூடிக் கட்டாதீர்கள், இரண்டும் வேறு. லாரிக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கிற பட்டறையில்தான் வேலை பார்க்கிறேன், சரக்கு நனைந்து வருவதைவிட புழுங்கிக் கெட்டுப்போய் வருவதை அதிகம் பார்க்கிறோம். பிளாஸ்டிக் ஷீட் வெளித்தண்ணியை உள்ளே விடாது, அதே போல உள்ளே இருக்கிற ஈரத்தையும் வெளியே விடாது. மழை பெய்த மறுநாள் செம்மண்ணிலிருந்து கிளம்புகிற ஆவி எல்லாம் ஷீட்டுக்கு அடியில் ஏறும், ராத்திரி குளிர்ந்ததும் அது தண்ணியாகி வண்டி மேலேயே சொட்டும். நீங்கள் சீசன் முடிந்து திறக்கும்போது மெத்தையில் பூசணம் பிடித்திருக்கும், பிளைவுட் ஓரம் உப்பியிருக்கும்.

அப்புறம் அந்த விலை குறைந்த நீல ஷீட். வெயிலைத் தாங்குகிற மருந்து சேர்க்காத பாலிஎத்திலீன் நம்ம ஊர் கோடையில் மொடமொடவென்று ஆகி, நார் நாராக உதிர ஆரம்பிக்கும், அந்த நாரைப் பொறுக்குவது தனி வேலை. ஷீட்தான் போடுவேன் என்றால் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) அல்லது அதற்கு மேல், யு.வி. போட்டது என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

முக்கியமாக, கவர் காற்றில் படபடவென்று அடிக்கக் கூடாது. அடிக்கிற துணிக்கும் பாடிக்கும் நடுவில் புழுதி உட்கார்ந்துவிட்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி பாலிஷ் போய்விடும். கேம்பர் ஜன்னல் பெரும்பாலும் அக்ரிலிக், கண்ணாடி இல்லை, அதில் கோடு விழுந்தால் விழுந்ததுதான். அதனால் மூடுவதற்கு முன்னால் வண்டியை நன்றாகக் கழுவிக் காய வையுங்கள், ஜன்னல் மேல் மெத்தென்ற பழைய காட்டன் துணியை விரித்துவிட்டு அதற்கு மேல் கவர் போடுங்கள். கூரை முனை, வென்ட் (கூரையில் இருக்கிற காற்றுத் திறப்பு) மூடி, நம்பர் பிளேட் ஓரம், கதவுக் கீல் எங்கெல்லாம் தொட்டால் கூர்மையாகப் படுகிறதோ அங்கெல்லாம் பழைய டியூப்பை வெட்டிச் சுற்றுங்கள், கவர் முதலில் கிழிவது அங்கேதான். கயிறு வண்டியின் அடிவயிற்றுக்குக் கீழே குறுக்காகப் போய் அடுத்த பக்கம் கட்டப்பட வேண்டும். மரத்திலோ முளைக்குச்சியிலோ கட்டினால் ஒவ்வொரு காற்றுக்கும் ஐலெட் (கயிறு கோக்கிற வளையம்) பிய்ந்துகொண்டு வரும்.

ரோஜாத்தோட்டம்_ஓசூர்

மேலே தம்பி சொன்னது அத்தனையும் சரி. கேரவன் கவர் என்று விற்பது பெரும்பாலும் மூன்று நான்கு அடுக்கு நெய்யாத பாலிப்ரொப்பிலீன் துணி. நீராவி வெளியே போகும், மழைத்தண்ணி ஓரளவுக்குத் தடுக்கப்படும், உள்பக்கம் மெத்தென்று இருப்பதால் பாடியையும் அதிகம் தேய்க்காது. வண்டிக்கு அதுதான் நல்லது. ஆனால் அந்தத் துணிக்கும் வெயில்தான் எமன், நேர் வெயிலில் விட்டால் சீக்கிரம் இற்றுப்போகும், கொடுத்த காசு வீண்.

எங்கள் பக்கம் நர்சரிக்குப் போடுகிற பச்சை நிழல்வலை இருக்கிறதே, அதில் 75 சதவீத வெயிலை மறைக்கிற வலையை வாங்கி, நாலு சவுக்குக் கம்பு நட்டு, வண்டிக்கு மேலே இரண்டடி இடைவெளி விட்டுக் கட்டிவிடுங்கள். வலை மழையைத் தடுக்காது, அது கவருடைய வேலை. வெயிலை வலை வாங்கிக்கொள்ளும், இடைவெளியில் காற்று ஓடுவதால் கவர் கொதிக்காது. காற்று வலைக்குள் புகுந்து போய்விடும் என்பதால் ஷீட் கூரை மாதிரி மே மாதக் காற்றில் கம்போடு பிடுங்கிக்கொண்டு போகிற பயமும் குறைவு. ஷெட் போடப் பணம் இல்லை என்கிறீர்கள், உங்களுக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பாலக்கோடு_பயணி

மரத்தடி வேண்டவே வேண்டாம். தோப்பு வைத்திருப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். பூ எடுக்கும்போதே தத்துப்பூச்சி வந்துவிடும், அது கழிக்கிற தேன் போன்ற பிசின் இலை மேல் மட்டுமா விழுகிறது, கீழே நிற்கிற எல்லாவற்றின் மேலும் விழும், அதில் கரும்பூசணம் படர்ந்து கவர் முழுக்கக் கரி பூசினாற்போல் ஆகும். காய் காம்பு ஒடியும்போது வடிகிற பால் கறை போகவே போகாது. இதற்கு மேல் வௌவால், அணில், சூறைக்காற்றில் முறிகிற கிளை. களத்து மேடே நல்லது, தண்ணி தேங்காத இடமாகவும் இருக்கும்.

எலிக்கு ஒரே வைத்தியம், உள்ளே ஒரு அரிசி மணிகூட இருக்கக் கூடாது. கேஸ் ஸ்டவ் குழாய், ஒயர், தண்ணிக் குழாய் உள்ளே நுழைகிற ஓட்டைகளில் பொடிக்கண் கம்பிவலை வைத்து அடைத்துவிடுங்கள். கவரைத் தரை வரைக்கும் இழுக்காமல் சக்கரத்தின் பாதி உயரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். தரையைத் தொட்டால் மறைவு கிடைக்கிறது என்று எலி குடிவந்துவிடும், அதன் பின்னால் பாம்பும் வரும்.

சிலிண்டரைக் கழற்றி வெளியே எடுங்கள். பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோய் அவ்வப்போது சார்ஜ் போடுங்கள். தண்ணி டேங்கைக் காலி செய்து குழாய்களைத் திறந்து விடுங்கள், ஃபிரிட்ஜ் கதவுக்கு நடுவில் ஒரு துணியைச் செருகித் திறந்தே வையுங்கள், மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். கூரை வென்ட்டை ஒரு விரற்கடை திறந்துவிட்டு உள்பக்கம் கொசுவலை ஒட்டினால் காற்று ஓடும், குளவி கூடு கட்டாது. அலமாரியில் தொங்கவிடுகிற ஈரம் உறிஞ்சும் பாக்கெட்டைச் சிலர் சொல்வார்கள். வென்ட் திறந்திருந்தால் அது ஊரில் உள்ள ஈரத்தையெல்லாம் இழுத்து நிரம்பிக்கொண்டே இருக்கும், வேண்டாம்.

தோப்பு_வண்டி (காவேரிப்பட்டணம்)

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. களத்து மேடு, பச்சை வலை, அதற்குக் கீழே துணிக் கவர் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். என் வண்டிக் கூரை கிட்டத்தட்ட தட்டையாக இருக்கிறது, மழைத்தண்ணி கவர் மேல் குளம் கட்டாதா? அப்புறம், இத்தனை மாதம் ஒரே இடத்தில் நின்றால் டயர் என்ன ஆகும்?

பட்டறை_தருமபுரி

முன்பக்கம், அதாவது காரில் மாட்டுகிற கொக்கிப் பக்கம், ஜாக்கி வீலைச் (முன்பக்கத்தைத் தாங்குகிற சின்னச் சக்கரம்) சுழற்றி ஒரு ஜாண் உயர்த்தி நிறுத்துங்கள், தண்ணி பின்னால் ஓடிவிடும். அதற்கு மேலும் தேங்கினால், கவருக்கு அடியில் கூரை நடுவில் நீளவாக்கில் ஒரு பி.வி.சி. பைப்பை, இரண்டு முனையிலும் துணி சுற்றி, கட்டி வையுங்கள். இரண்டு பக்கமும் சரிவு கிடைக்கும், கவருக்கும் கூரைக்கும் நடுவில் காற்றும் போகும்.

டயருக்கு, அச்சுக்குப் பக்கத்தில் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்துப் பாரத்தை இறக்கிவிடுங்கள். ஸ்டாண்டுக்குக் கீழே கெட்டிப் பலகை போடாவிட்டால் முதல் மழையிலேயே செம்மண்ணில் ஒரு பக்கம் இறங்கிவிடும். நாலு மூலையிலும் இருக்கிற கால்கள் வண்டி ஆடாமல் இருக்கத்தான், அவற்றை வைத்து வண்டியைத் தூக்காதீர்கள், வளைந்துவிடும். டயர் மேல் சாக்கு போட்டு வெயில் படாமல் மறையுங்கள். பிரேக் உள்ள மாடல் என்றால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவித்து வையுங்கள், பிடித்தபடி விட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

பெரிய மழை, காற்று அடித்த மறுநாள் காலையில் தோப்புக்குப் போகும்போது ஒரு சுற்று சுற்றி, கயிறு தளர்ந்திருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். துணிக் கயிறு நனைந்தால் ஒரு மாதிரி, காய்ந்தால் ஒரு மாதிரி இருக்கும், நைலான் கயிறு முதல் வாரத்தில் கொஞ்சம் நீளும். கவர் வாங்குவதற்கு முன்னால் ஸ்டெப்னி, கூரை கேரியர், கொக்கி வரைக்கும் சேர்த்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள், வெறும் பாடி அளவுக்கு வாங்கினால் முன்பக்கம் பத்தாது.