புதுப்பிப்பு: சீரியல் மாதிரி தெரிந்த படமும் புளித்துப்போன ஒயினும்

போன வாரம் இங்கே இரண்டு விஷயம் புலம்பியிருந்தேன். புது டிவியில் எந்தப் படம் போட்டாலும் சீரியல் மாதிரி தெரிகிறது. பாதி குடித்து வைத்த சிவப்பு ஒயின் இரண்டே நாளில் புளித்துவிடுகிறது.

டிவி சரியாகிவிட்டது! பழுது எதுவும் இல்லை. பெரும்பாலான படங்கள் வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுகின்றன. டிவியோ நடுநடுவே தானாகச் சில ஃபிரேம்களை உருவாக்கிச் செருகி, அசைவை வழவழவென்று ஆக்கிவிடுகிறது. அமைப்புகளில் ‘மோஷன் ஸ்மூத்திங்’கை அணைத்தேன். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓடுகிறவரின் கால் பழையபடி லேசாக மங்கித் தெரிந்ததும் அப்படி ஒரு நிம்மதி. இதை அணைத்து வைத்தே விற்க வேண்டும் என்பேன்.

அப்புறம் ஒயின். காற்றுப் பட்டால் கெடும், குளிரில் அது மெதுவாக நடக்கும். மிச்சத்தைச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி, இறுக மூடி, ஃபிரிட்ஜில் வைத்தேன். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தேன். நான்காம் நாளும் நன்றாகவே இருந்தது. கூடவே ஒரு துண்டு சீஸ். நாக்கை இழுக்கும் அந்தத் துவர்ப்பு அதில் அடங்கிவிடுகிறது.