வைக்கோல் கணக்கு: குடும்பக் குழுவில் இன்று

கதிர்: மாமா, மின் நிலையத்துல எரிக்க எவ்வளவு வைக்கோல் தேறும்னு கணக்கு போட்டுட்டேன். நெல் ஹெக்டேருக்கு 5 டன், ஒரு பங்கு நெல்லுக்கு வைக்கோல் எத்தனை பங்குங்கிற விகிதம் 1.5. அப்போ 7.5 டன் வருது. சரிதானே?

மாமா: அந்த 1.5 எந்த ரகத்துக்கு தம்பி? குட்டை ரகம்னா 1-ஐ ஒட்டியே நிக்கும், நெட்டை ரகம்தான் 1.5 பக்கம் போகும். ஈர எடையா, காய்ஞ்ச எடையான்னு சொல்லாத விகிதத்தை எடுக்கவே எடுக்காத.

செல்வி அக்கா: வயல்லயே அளந்துடு கதிர். 1 மீட்டருக்கு 1 மீட்டர் சட்டம் போதும். வரப்போரத்தை விட்டுட்டு, அங்கங்க அஞ்சாறு இடத்துல போடு. பயிர் நல்லா இருக்கிற இடமா பார்த்துப் போட்டா கணக்கு ஏறிப் போயிடும்.

செல்வி அக்கா: முதல்ல அறுவடை மிஷின் வெட்டுற உயரத்துல அறு. அப்புறம் வயல்ல நிக்கிற அடித்தாளை மண்ணோட ஒட்டி அறுத்து தனியா எடை போடு. சதுர மீட்டருக்கு 1 கிலோன்னா ஹெக்டேருக்கு 10 டன்.

கதிர்: ஈரம் எப்படிக்கா பார்க்கிறது?

செல்வி அக்கா: வைக்கோலைப் பொடியா நறுக்கி, காத்துப் புகாத பையில கட்டி எடுத்துட்டு வா. பையிலிருந்து வெளிய எடுத்து, எடை பார்த்துட்டு 105 டிகிரி அடுப்புல வை. எடை குறையறது நிக்கிற வரைக்கும் காயணும். பையைத் திறந்து வெச்சா வர்ற வழியிலயே ஈரம் போயிடும், அப்போ கிடைக்கிற ஈர சதவீதம் தப்பு.

மாமா: இப்போ உன் 5 டன்னையே எடு. 14% ஈரத்தைக் கழிச்சா 4.3 டன். உன் மாதிரியில காய்ஞ்ச விகிதம் 1.2 வந்துச்சுன்னு வெச்சுக்கோ, வைக்கோல் 5.2. தாள்ல 40% நின்னா மிச்சம் 3.1. வாரிக் கட்டுறதுல 20% சிந்தினா 2.5. கட்டு 15% ஈரத்தோட எடைமேடைக்கு வரும்போது 2.9 டன். 7.5 எங்க, இது எங்க!

கதிர்: 😮 பாதிகூட இல்லையே! தாளையும் சேர்த்து எடுத்துட்டா?

மாமா: வேணாம்ப்பா. ஒரு டன் வைக்கோலோட 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும், 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும் வயலை விட்டுப் போகுது. தாளாவது மண்ணுக்கு இருக்கட்டும். மாட்டுத் தீவனத்துக்குப் போறதையும் இந்த 2.9-லதான் கழிக்கணும்.

கதிர்: கரண்ட் எவ்வளவு தேறும் மாமா?

மாமா: 15% ஈரத்துல கிலோவுக்கு 11.5 மெகாஜூல் வெப்பம்னு வை. நிலையம் அந்த வெப்பத்துல 25%-ஐ கரண்டா மாத்தினா கிலோவுக்கு 0.8 யூனிட், ஹெக்டேருக்கு 2,300 யூனிட் சுமார். ஈரம் 40%-ன்னா 7.4 மெகாஜூல்தான்.

செல்வி அக்கா: 20%-க்கு மேல ஈரமா கட்டினா உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். பனி காய்ஞ்ச பிறகு கட்டச் சொல்லு.

செல்வி அக்கா: இன்னொண்ணு, நெல் வைக்கோல்ல சாம்பலே 15 முதல் 20% இருக்கும். பொட்டாசியமும் குளோரினும் சேர்ந்து சாம்பலை உருக வெச்சு கொதிகலன் குழாய்ல ஒட்ட விடும். ஒரு மழையில நனைஞ்சு திரும்ப நல்லாக் காய்ஞ்சதுன்னா ரெண்டும் கரைஞ்சு குறைஞ்சிருக்கும், அதைத் தள்ளிடாத.

கதிர்: சரிக்கா. நாளைக்கே சட்டத்தோட கிளம்பறேன்.

மாமா: மிஷின்காரர்கிட்ட எத்தனை சென்டிமீட்டர் விட்டு வெட்டுறார்னு முதல்ல கேட்டுக்கோ.