மறு: கைப்பின்னலில் பிழை திருத்தம் – அவிழ்த்தல், உருவுதல், படியேற்றல்

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டு ஊசிகளால் நூலைப் பின்னும் கைப்பின்னலுக்கு (நிட்டிங்) நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியல் பற்றிய மறுமொழி இது. ஊசியில் விழும் ஒவ்வொரு வளையத்தையும் குறிக்கும் 'ஸ்டிட்ச்' என்பதற்குத் 'தையல்' என்றே போட்டுவிடலாம் என்று குழுவில் அக்கா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தையலில் நூல் துணியைத் துளைத்துப் போகிறது. கைப்பின்னலில் துளைக்கத் துணியே கிடையாது. ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையத்தை இழுக்க இழுக்கத்தான் துணியே உண்டாகிறது. வலைக்கும் சங்கிலிக்கும் நாம் புழங்கும் 'கண்ணி' இதற்கு நன்றாகப் பொருந்தும். கண்ணிவெடி நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தயங்கினார். அந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் 'ஊசியில் 20 கண்ணி போடு' என்று வாக்கியத்துக்குள் வரும்போது அந்தப் பொருள் குறுக்கிடாது என்று நினைக்கிறேன்.

குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார்: பிழை திருத்தத்துக்கு 'பிரித்தல்' என்ற ஒரு சொல்லே போதுமே, எதற்கு இத்தனை?

ஐயா, போதாது. புதிதாகப் பின்னுகிறவர் ஒரு கண்ணி நழுவியதும் பதறிப்போய் முழுவதையும் பிரித்துவிடுகிறார். செய்வதற்கு வேறு வழி உண்டு என்று காட்டும் சொல் அவர் கையில் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். பிழை திருத்த மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் 'பிரித்தல்' என்றால், செய்முறையை எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரு பத்தி விளக்க வேண்டிவரும்.

இப்போது பின்னும் வரிசையிலோ அதற்கு முந்தைய வரிசையிலோ பிழை என்றால், வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக இடது ஊசிக்குத் திருப்பி, நூலை விடுவித்துக்கொண்டே போகலாம். ஆங்கிலத்தில் இது 'டிங்க்'. 'நிட்' என்ற சொல்லின் எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் வருவது. பல வரிசை கீழே பிழை என்றால், ஊசியையே எடுத்துவிட்டு நூலைப் பிடித்து இழுப்பார்கள். அதன் பெயர் 'ஃபிராக்', அதாவது தவளை. 'ரிப் இட்' (பிரித்துப்போடு) என்று திரும்பத் திரும்பச் சொன்னால் தவளை கத்துவதுபோல் இருக்கிறதாம், அதனால் வந்த பெயர். இந்த விளையாட்டு அந்த மொழியோடு சேர்ந்தது. சொற்பட்டியலில் 'தவளையிடல்' என்று ஒரு பரிந்துரை இருக்கிறது, தயவுசெய்து அதை நீக்கிவிடுவோம். முடிச்சை அவிழ்க்கிறோம், நூலை உருவுகிறோம். ஆகவே முதலாவதற்கு அவிழ்த்தல், இரண்டாவதற்கு உருவுதல். 'அவிழ்' என்றாலே கை நிதானமாகிறது. 'உருவு' என்றால் ஒரே இழுப்பு. வேலையின் வேகம் சொல்லிலேயே இருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். நழுவிய கண்ணி பக்கவாட்டில் ஓடாது. தன் பத்தியிலேயே வரிசை வரிசையாகக் கீழே இறங்கும். இறங்கிய தடத்தில் குறுக்கு நூல்கள் ஏணிப்படிபோல் நிற்கும். பழைய பனியனில் கிழிசல் ஓடும்போதும் இதே தோற்றத்தைப் பார்க்கலாம், பனியன் துணியும் கண்ணியால் ஆனதுதானே. எத்தனை படி தெரிகிறதோ அத்தனை வரிசை இறங்கியிருக்கிறது என்று கணக்கு. முதலில் அந்தக் கண்ணியில் ஓர் ஊக்கை மாட்டி ஓட்டத்தை நிறுத்த வேண்டும். அப்புறம் துணியின் நல்ல பக்கத்தை, அதாவது வெளியே தெரியும் பக்கத்தை, தன்னை நோக்கித் திருப்பிக்கொண்டு, முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசியை முன்னிருந்து பின்னாகக் கண்ணிக்குள் நுழைத்து, அதற்கு நேர் மேலே இருக்கும் படியைக் கொக்கியில் பிடித்துக் கண்ணி வழியே முன்னால் இழுக்க வேண்டும். அந்தப் படி இப்போது புதிய கண்ணியாகிவிடும். இப்படியே ஒவ்வொரு படியாக மேலே வந்து, கடைசியில் இடது ஊசியில் மாட்டினால் வேலை முடிந்தது. பக்கத்துக் கண்ணி ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை.

இதற்குக் 'கண்ணியேற்றம்' என்று முன்பு சொல்லியிருந்தார்கள். ஊசியில் முதன்முதலாகக் கண்ணி போடுவதையும் சிலர் 'ஏற்றுதல்' என்கிறார்கள், குழப்பம் வரும். அதனால் படியேற்றல் என்று முன்வைக்கிறேன். 'நழுவிய கண்ணியை நான்கு படி ஏற்று' என்று எழுதினால் எங்கே, எந்தத் திசையில், எத்தனை முறை என்பதெல்லாம் வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் மேடு தெரியும் பின்னலில் ஒரு படியை முன்பக்கத்திலிருந்தும் அடுத்ததைப் பின்பக்கத்திலிருந்தும் மாறி மாறி இழுக்க வேண்டும். அதை 'மாற்றுப் படியேற்றல்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

'லைஃப்லைன்' என்பதற்குப் பட்டியலில் 'உயிர்க்கோடு' என்று இருக்கிறது. இது கோடு இல்லை. வேறு நிறத்தில் மெல்லிய, வழுவழுப்பான நூல் ஒன்றைத் தையல் ஊசியில் கோத்து, பின்னலூசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் விட்டுவைப்பது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைக்கூடப் பயன்படுத்துகிறார்கள். அதற்குமேல் எத்தனை வரிசை உருவினாலும் இந்த நூலோடு நின்றுவிடும். காப்பாக நிற்கும் இழை, ஆகவே காப்பிழை. உருவப் போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய தைரியம் என்பதைப் பின்னிப் பார்த்தவர்கள் அறிவார்கள், குறிப்பாகப் பருத்தி நூலில். கம்பளியின் சுணை கண்ணிகளைக் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கும்; பருத்தி நூல் வழுக்கிக்கொண்டு ஓடும். மோஹேர் என்ற ஆட்டுமயிர் நூலில் சிக்கல் வேறு மாதிரி: மயிர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் உருவவே வராது.

விளிம்பில் நூலை ஊசிக்கு மேலே போட்டுவிட்டால் முதல் கண்ணி இரண்டாகத் தெரியும். இரண்டையும் பின்னிவிட்டால் எண்ணிக்கை கூடிவிடும். அதற்கு 'மிகைக்கண்ணி' போதும், விவாதம் வேண்டியதில்லை.

எனக்கு முடிவு தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. ஊசியில் உட்கார்ந்திருக்கும் கண்ணிக்கு இரண்டு கால்கள், அதாவது வளையம் ஊசியின் முன்னும் பின்னும் தொங்கும் இரண்டு பக்கங்கள். பரவலான முறையில் வலக்கால் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். படியேற்றி முடித்து மாட்டும்போது அது பின்னால் போய்விட்டால், வழக்கம்போல் பின்னியதும் கண்ணி முறுக்கிக்கொள்ளும். அப்படி மாட்டியதைப் பின்காலில் ஊசி விட்டுப் பின்னினால் சரியாகிவிடும். முறுக்கியதை 'முறுக்குக்கண்ணி' எனலாம். ஆனால் வேண்டுமென்றே முறுக்கிப் பின்னும் அலங்காரமும் உண்டே? பிழைக்கும் அலங்காரத்துக்கும் ஒரே சொல்லா, இரண்டா? அக்காவும் ஐயாவும் மற்றவர்களும் சொல்லுங்கள். மற்ற சொற்களுக்கு மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.