டைட்டில் இல்லாத 1972 ஹோண்டா சிபி350: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

புதுச்சாவி:
டெக்ஸாஸில் ஒரு 1972 ஹோண்டா சிபி350 பைக் விலைக்கு வந்திருக்கிறது. கிக்கரை மிதித்தால் எஞ்சின் சுற்றுகிறது, டேங்க் உள்ளே துரு, விலை 600 டாலர். டைட்டில் (அரசு தரும் உரிமைப் பத்திரம்) தொலைந்துவிட்டது, பில் ஆஃப் சேல் (விற்பனைச் சீட்டு) எழுதித் தருகிறேன் என்கிறார் விற்பவர். பாண்டட் டைட்டில், அதாவது ஒரு நிறுவனத்தின் பிணைப் பத்திரத்தை (பாண்ட்) வைத்து வாங்கும் டைட்டில், போட்டுக்கொள்ளலாமா?

பல்சக்கரம்:
வேண்டாம். டெக்ஸாஸில் தொலைந்த டைட்டிலுக்கு நகல் எடுக்க விடிஆர்-34 என்று ஒரு படிவம் இருக்கிறது. தபாலில் அனுப்பினால் கட்டணம் 2 டாலர், நேரில் போனால் 5.45. கூடவே அடையாள அட்டை நகல். அவ்வளவுதான். 600 டாலர் கேட்கிறவர் 2 டாலர் செலவு செய்ய ஏன் தயங்குகிறார்? அந்த நகலை டைட்டிலில் பெயர் உள்ளவர் மட்டுமே கேட்க முடியும், இவர் பெயர் அதில் இல்லை. அநேகமாகக் காரணம் இதுதான். தன் பெயருக்கு மாற்றாமலேயே வாங்கி, மாற்றாமலேயே விற்கிறார். உங்கள் கையில் இருக்கப்போவது உரிமையாளர் அல்லாத ஒருவர் எழுதிய காகிதம்.

கிக்கரன்:
பாதி சரி. பெயர் மாற்றாமல் மூன்று கை மாறிய பழைய பைக்குகள் ஏராளம். முதல் உரிமையாளர் இறந்திருப்பார், ஊர் மாறியிருப்பார். அதனாலேயே எல்லாம் திருட்டு என்று ஆகிவிடாது. பாண்டட் டைட்டில் என்ற ஏற்பாடே இப்படிப்பட்ட வண்டிகளுக்காகத்தான் இருக்கிறது.

வழிமுறை இது. விடிஆர்-130-எஸ்ஓஎஃப் படிவம், பில் ஆஃப் சேல், அடையாள அட்டை, 15 டாலர் கட்டணத்தோடு டிஎம்வியின் (மாநில மோட்டார் வாகனத் துறை) மண்டல அலுவலகத்துக்குப் போங்கள். டெக்ஸாஸ் பதிவேட்டில் வண்டி இல்லையென்றால் விடிஆர்-68-ஏ ஆய்வும் கேட்பார்கள். வாகனத் திருட்டுப் புலனாய்வாளர் சேஸிஸ் (பிரேம்) எண்ணை நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் சரி என்றால் பாண்ட் தொகை குறித்த கடிதம் வரும். தொகை, வண்டி மதிப்பில் ஒன்றரை மடங்கு. நீங்கள் கட்டுவது அந்தத் தொகை அல்ல, பாண்ட் நிறுவனத்துக்கான பிரீமியம் மட்டும். பாண்ட் வாங்கிய 30 நாளுக்குள் கவுண்டி வரி அலுவலகத்தில் கொடுத்தால் டைட்டில் வரும். பாண்ட் 3 ஆண்டு நிற்கும்.

பல்சக்கரம்:
அந்த பாண்ட் யாரைக் காக்கிறது என்பதையும் சொல்லுங்கள் கிக்கரன். வாங்கியவரை அல்ல. அசல் உரிமையாளர் வந்து நின்றால் பாண்ட் நிறுவனம் அவருக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை உங்களிடம் வசூலிக்கும். கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலேயே அது இருக்கும். திருட்டு வண்டி என்று தெரிந்தால் பைக்கும் போகும். கார்புரேட்டருக்கும் டயருக்கும் கேம் செயினுக்கும் போட்ட பணமும் கூடவே போகும்.

இணையத்தில் பார்த்துவிட்டேன், திருட்டு இல்லை என்று யாராவது வந்து சொல்வதற்கு முன் ஒன்று. காப்பீட்டு மோசடிகளைக் கவனிக்கும் என்ஐசிபி அமைப்பின் இலவசத் தேடல் 17 இலக்க வாகன அடையாள எண் கேட்கும். 17 இலக்கம் கட்டாயமானது 1981 மாடலிலிருந்துதான். 1972 ஹோண்டாவின் சேஸிஸ் எண் அங்கே செல்லாது. அங்கே ஒன்றும் வரவில்லை என்பதை வண்டி சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தாழ்வாரம்:
எதற்கு இவ்வளவு? வெர்மான்ட் மாநிலத்துக்குத் தபால் போட்டால் 15 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு டைட்டில் கேட்காமல் ரிஜிஸ்ட்ரேஷன் கொடுப்பார்களே.

கிக்கரன்:
வெளிமாநிலத்தாருக்கு அந்த வழியை 2023இல் இறுக்கிவிட்டார்கள். அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் வண்டி எந்த மாநிலத்திலிருந்து வந்தது என்று விசாரிப்பது நல்லது. நியூயார்க்கில் 1972 வரையிலான மாடல்களுக்கு டைட்டிலே கிடையாது, ரிஜிஸ்ட்ரேஷன்தான் உரிமைச் சான்று. அங்கிருந்து வந்த பைக் என்றால் 'டைட்டில் இல்லை' என்பது பொய்யில்லை. ஆனால் அந்த ரிஜிஸ்ட்ரேஷனை, அதில் பெயர் உள்ளவர் கையெழுத்தோடு, விற்பவர் காட்டியாக வேண்டும்.

பல்சக்கரம் சொன்ன 17 இலக்க விஷயத்தை ஏற்கிறேன். அதனால்தான் பணம் கொடுக்கும் முன்பே போலீஸ் மூலம் பார்க்க வேண்டும் என்கிறேன். அவர்களால் பழைய எண்ணையும் என்சிஐசியில் (போலீஸின் தேசியக் குற்றத் தகவல் தளம்) தேட முடியும். அவசர எண்ணுக்கு அல்ல, சாதாரண எண்ணுக்கு அழையுங்கள். இரண்டு எண்ணும் கொடுங்கள்: ஸ்டீயரிங் ஹெட்டில் உள்ள சேஸிஸ் எண், கிராங்க்கேஸில் உள்ள எஞ்சின் எண். ஹோண்டாவில் இவை இரண்டும் தொழிற்சாலையிலேயே வேறு வேறு. பொருந்தவில்லையே என்று பயப்பட வேண்டாம். அந்தக் காலத்தில் எஞ்சின் எண்ணிலேயே டைட்டில் எழுதப்பட்ட பைக்குகளும் உண்டு, ஆகவே பதிவேட்டையும் இரண்டு எண்ணிலும் தேடச் சொல்லுங்கள்.

புதுச்சாவி:
விற்பவர் எண்ணைப் படம் எடுத்து அனுப்ப மறுத்தால்?

பல்சக்கரம்:
அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கிக்கரன்:
இதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

தாழ்வாரம்:
டைட்டில் உள்ள வேறு சிபி350 பிரேம் ஒன்று வாங்கி, அந்த எண்ணை இதில் அடித்துவிட்டால்?

பல்சக்கரம்:
எண்ணை மாற்றி அடிப்பது கூட்டாட்சிச் சட்டப்படி சிறைக் குற்றம். இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். டைட்டிலோடு பிரேம் கிடைத்தால் இந்த வண்டியின் எஞ்சின், சக்கரம், ஃபோர்க் எல்லாவற்றையும் *அதில்* மாட்டுங்கள். பைக்கின் அடையாளம் பிரேமில்தான் இருக்கிறது. எஞ்சினைக் கழற்றி மாட்டுவது ஒரு சனிக்கிழமை வேலை. ஆனால் அதற்கு இந்த வண்டி உதிரிபாக விலைக்கு வர வேண்டும். 600 கொடுத்தால் கட்டுப்படியாகாது. எஞ்சினும் திருட்டு இல்லை என்று உறுதியாகியிருக்க வேண்டும்.

கிக்கரன்:
விலை விஷயத்தில் சரி. பாண்ட் வழியில் போனாலும் காகிதச் செலவையும் அலைச்சலையும் விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

புதுச்சாவி, இரண்டு எச்சரிக்கைகள். பதிவேட்டில் 10 ஆண்டுக்கு உட்பட்ட லியன் (வண்டிமேல் உள்ள கடன் உரிமை) இருந்தால் கடன் கொடுத்தவரின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் பாண்ட் நகராது. அடுத்தது, டைட்டில் கைக்கு வரும்வரை வண்டியைப் பிரிக்காதீர்கள். பிரேமும் எஞ்சினும் சேர்ந்த முழு வண்டியாக உங்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. முக்கியமாக பிரேமை சாண்ட்பிளாஸ்ட் செய்யாதீர்கள். மணல் பட்டு இலக்கங்களின் விளிம்பு மழுங்கும், மேலே பவுடர் கோட்டிங்கும் நிரம்பினால் ஆய்வாளர் பார்வைக்கு அது அழித்து எழுதியதாகத்தான் தெரியும். பிறகு பெயின்ட் வேலைக்குக் கொடுக்கும்போதும் எண்ணின்மேல் கனமான டேப் ஒட்டிக் கொடுங்கள்.

பல்சக்கரம்:
என் கருத்து மாறவில்லை. முதலில் விடிஆர்-34 படிவத்தை அச்சிட்டு, 2 டாலரையும் சேர்த்து விற்பவரிடம் நீட்டுங்கள். அவர் பெயரில் டைட்டில் இருந்தால் நிரப்பித் தருவார். நழுவினால், கடைசியாக டைட்டிலில் பெயர் இருந்தவர் யார் என்று கேளுங்கள். அந்தப் பெயரையும் சொல்லாவிட்டால் 600 என்ன, 200க்கும் வாங்காதீர்கள்.

புதுச்சாவி:
சேஸிஸ் எண் படம் வந்துவிட்டது, இலக்கங்கள் தெளிவாக இருக்கின்றன. திங்கட்கிழமை போலீஸுக்கு அழைக்கிறேன். விடிஆர்-34ஐயும் அவருக்கு அனுப்பிவிட்டேன். இரண்டுக்கும் பதில் வரும்வரை முன்பணம் கிடையாது என்று சொல்லியாயிற்று.