2018 பிக்கப், மீட்டர்ல 1,18,000 கி.மீ. – நம்பி வாங்கலாமா?

முருங்கைத் தோட்டம்:
வணக்கம்ங்க. ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டம், தக்காளியும் முருங்கையும் போட்டிருக்கேன். இதுவரைக்கும் வாடகை வண்டிலதான் மார்க்கெட்டுக்குக் காய் போகுது. சீசன்ல ராத்திரி பன்னண்டு மணிக்குப் போன் போட்டா யாரும் எடுக்கறதில்ல. போன மாசம் பறிச்ச தக்காளி 40 பெட்டி களத்துலயே கிடந்து கனிஞ்சு போச்சு. அதான் சொந்தமா ஒரு பழைய டீசல் பிக்கப் எடுத்துடலாம்னு இருக்கேன். கையில 3 லட்சம் இருக்கு, மீதி ஃபைனான்ஸ்.

பார்த்த வண்டி: 2018 ஜூன் பதிவு, 2.5 லிட்டர் டீசல், பிஎஸ்4 (2020-க்கு முந்தின புகை விதி வண்டி), ரெண்டாவது ஓனர். மீட்டர் 1,18,000 காட்டுது. 4,85,000 கேக்கறாங்க. விக்கறவர் வண்டி வாங்கி விக்கற புரோக்கர்.

நான் பகல் 11 மணிக்குப் போனேன். ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு. 4 கி.மீ. ஓட்டினேன், இழுவை நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பி வந்து ஆயில் ஊத்தற மூடியைத் திறந்தேன். இட்லிச் சட்டி மூடியைத் திறந்த மாதிரி விட்டு விட்டுப் புகை வந்துச்சு. புரோக்கர் “டீசல் வண்டின்னா அப்படித்தான் தம்பி”ன்னுட்டார். பின் பட்டைல (பாரம் தாங்கற அடுக்கு இரும்பு ஸ்பிரிங்) ஒண்ணு மட்டும் புதுசாத் தெரியுது. கிளட்ச் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சு, ஓரத்துல இரும்பு தெரியுது. கால் மேட்டு மட்டும் புதுசு.

இன்ஜின்ல இதுவரைக்கும் யாரும் கை வைக்கலைன்னு சொல்றார். அந்தப் புகை நிஜமாவே சாதாரணம்தானா? வேற என்ன பார்க்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டீசல் பட்டறை, தாராபுரம்:
தம்பி, 25 வருஷமா டீசல் வேலைதான் பார்க்கறேன். அவர் சொன்னதுல பாதி உண்மை. சூடான டீசல் இன்ஜின்ல மூடியைத் திறந்தா லேசா ஆவி வரும், அதுக்குப் பயப்பட வேண்டாம். விட்டு விட்டுத் தள்ளினா அது பேக் கம்ப்ரஷன். பிஸ்டன் ரிங்கோ போரோ (பிஸ்டன் ஓடற சிலிண்டர் உள்சுவர்) தேஞ்சு, மேல எரியற காத்து கீழ ஆயில் சம்ப்புக்கு இறங்குதுன்னு அர்த்தம். இன்ஜின் ஓடறப்பவே மூடியைத் திருகாம அந்த வாய் மேல சும்மா கவுத்து வைங்க. லேசா ஆடிட்டு அங்கயே கிடந்தா ஓட்டலாம். தூக்கித் தள்ளிவிட்டா இன்ஜின் வேலை காத்துட்டு இருக்கு. டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கற கம்பி) உருவிப் பாருங்க, அந்தக் குழாய் வழியா ஆயில் தெறிச்சாலும் அதேதான்.

நீங்க 11 மணிக்குப் போனதுதான் தப்பு. ஆள் வரான்னு தெரிஞ்சா முன்னாடியே அரை மணி நேரம் ஓட விட்டு நிறுத்திடுவாங்க, சூடான இன்ஜின் எல்லாக் குறையையும் மறைச்சிடும். விடியக்காலைல சொல்லாம போங்க. சாவி போடறதுக்கு முன்னாடி பானெட்டைத் தூக்கி இன்ஜின் மேல உள்ளங்கையை வைங்க. சில்லுன்னு இருக்கணும். கதகதன்னு இருந்தா அன்னிக்கு வண்டி பார்க்காதீங்க, இன்னொரு நாள் போங்க.

குளிர்ந்த வண்டியை நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க, ஒரு ஆளைப் பின்னாடி நிக்கச் சொல்லுங்க. பச்சை டீசல் வாடையோட வெள்ளைப் புகை வந்து ரெண்டு நிமிஷத்துல நின்னா நாசிலோ (டீசலைப் பீச்சற முனை) கம்ப்ரஷனோ (சிலிண்டர்ல காத்தை அமுக்கற அழுத்தம்) சந்தேகம். நிக்காம வந்து இனிப்பு வாடை அடிச்சா கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணி) உள்ள போகுது, ஹெட் கேஸ்கெட்டைப் (இன்ஜின் தலைக்கு அடியில இருக்கற அடைப்புத் தகடு) பார்க்கணும். நீலப் புகைன்னா ஆயில் எரியுது. ஆக்சிலேட்டர் குடுக்கறப்ப மட்டும் கறுப்பா வந்தா ஏர் ஃபில்டர், ஈஜிஆர் (புகையில கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கு விடற வால்வு), டர்போ (காத்தை அழுத்தி உள்ள தள்ளறது), நாசில்னு வரிசையாப் பார்க்கணும், அதெல்லாம் சரி பண்ணக்கூடிய வேலைதான்.

ஆயிலையும் விரல்ல தொட்டுத் தேய்ச்சுப் பாருங்க. டீசல் இன்ஜின் ஆயில் ஊத்தின கொஞ்ச நாள்லயே கறுத்துடும். விக்கற வண்டில தேன் நிறத்துல இருந்தா நேத்துதான் மாத்தியிருக்காங்க. பேக் கம்ப்ரஷனை அமுக்கறதுக்குக் கெட்டி ஆயில் ஊத்தற பழக்கமும் உண்டு. அதனால 20 கி.மீ. நல்லா ஓட்டி, இன்ஜின் சூடேறினப்புறம் மூடி டெஸ்டைத் திரும்பப் பண்ணுங்க.

மலை லோடு:
அண்ணா, நான் பாச்சலூர், தாண்டிக்குடின்னு மலைக்கு வாழையும் அவகேடோவும் ஏத்தற ஆள். என்னைக் கேட்டா மீட்டரை விடுங்க, அந்த வண்டி என்ன லோடு அடிச்சுதுன்னு கேளுங்க. ஒரே வருஷ மாடல் ரெண்டு வண்டி. ஒண்ணு முட்டை ஏத்திச்சு, ஒண்ணு ஜல்லி, சிமெண்டு ஏத்திச்சு. முட்டை வண்டி 2 லட்சம் ஓடியிருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

ஒரு பட்டை மட்டும் புதுசுன்னா ரெண்டு காரணம்தான். பழசு உடைஞ்சிருக்கணும், இல்ல ஓவர் லோடுக்காகக் கூடுதலா ஒண்ணு சேர்த்திருக்கணும். ரெண்டு பக்கமும் பட்டையை எண்ணிப் பாருங்க. அப்புறம் சாக்கு விரிச்சு அடியில படுத்து, பின் பட்டை சேசிஸ்ல (வண்டியோட அடிச்சட்டம்) மாட்டற பிராக்கெட் பக்கம் டார்ச் அடிங்க. ஓவர் லோடு அடிச்ச வண்டில முதல்ல விரிசல் விடற இடம் அதுதான். அங்க மட்டும் புதுசாக் கறுப்பு பெயின்ட் இருந்தா நகத்தால சுரண்டுங்க.

கிளட்ச்சுக்கு ஒரு ஏத்தம் தேடுங்க. மூணாவது கியர்ல ஏறறப்ப ஆக்சிலேட்டரை அமுத்தினா சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. இறங்கறப்ப காலை எடுத்துட்டு பின் அச்சு நடுவுல இருக்கற ஹவுசிங் பக்கம் காது குடுங்க, ஊளைச் சத்தம் வந்தா கிரௌன் பினியன் (பின் சக்கரத்தைச் சுத்தற கியர்) தேஞ்சிருக்கு.

ஆர்டிஓ வேலை:
பேப்பர் பத்தி யாரும் சொல்லல, அதனால நான் சொல்றேன். வண்டி நம்பரைப் பரிவாஹன்ல (அரசு வாகனப் பதிவு இணையதளம்) போட்டுப் பாருங்க. ஹெச்பி (ஆர்சில ஃபைனான்ஸ் கடன் பதிவு) இருக்கா, எஃப்சி (தகுதிச் சான்று) எதுவரைக்கும், இன்சூரன்ஸ் உயிரோட இருக்கா, சலான் நிலுவை எவ்வளவுன்னு பார்த்துடுங்க. பழைய ஃபைனான்ஸ் நிலுவையில இருந்தா அதை முடிச்ச என்ஓசியும் (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) கடன் பதிவை நீக்கற ஃபாரம் 35-ம் கைக்கு வராம முழுப் பணம் குடுக்காதீங்க. பேர் மாத்த ஃபாரம் 29, 30. ஒரே மாநிலத்துக்குள்ள வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓ-வுக்குத் தெரியப்படுத்தணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள. புரோக்கர்கிட்ட எடுக்கறப்ப ஆர்சில பேர் உள்ள ஓனரை நேர்ல பாருங்க. கையெழுத்து போட்ட ஃபாரம் மட்டும் சுத்திட்டு இருக்கற வண்டி வேண்டாம். முதல் ஓனர் கட்டாத கடனுக்கு வண்டியைத் தூக்கிட்டுப் போனதைப் பார்த்திருக்கேன்.

சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்சி, அதுக்கப்புறம் வருஷா வருஷம். 2018 ஜூன் பதிவுக்கு 2026 ஜூனோட எட்டு வருஷம், அந்தச் செலவைக் கணக்குல வைங்க. ஆர்சில மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருந்தா பெர்மிட் தேவையில்லை. கார் லைசென்ஸ் போதும், 7,500 கிலோ வரைக்கும் எல்எம்வி (இலகுரக வண்டி) லைசென்ஸ்லயே ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி அமர்வு சொல்லிடுச்சு.

கீரனூர் தம்பி:
ஏன் இவ்வளவு பழசைப் பார்க்கணும்? கொஞ்சம் சேர்த்துப் போட்டு பிஎஸ்6 எடுத்தா பிரச்சினை இல்லையே?

டீசல் பட்டறை, தாராபுரம்:
அவருக்கு அது ஒத்துவராது தம்பி. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 டீசல் வண்டில சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கற டிபிஎஃப் இருக்கு. பிடிச்ச கரியை அதுவே எரிச்சுக்கணும்னா வண்டி ஒரே வேகத்துல கொஞ்ச நேரம் சூடா ஓடணும். தோட்டத்துல இருந்து மார்க்கெட் 12, 15 கி.மீ., அங்க ஒரு மணி நேரம் ஐட்லிங் (நின்ன இடத்துலயே இன்ஜின் ஓடறது), திரும்ப வீடு. இந்த ஓட்டத்துல கரி சேர்ந்துட்டே போகும். தினம் சென்னை, கோயமுத்தூர்னு ஓடற ஆளுக்கு பிஎஸ்6 நல்ல வண்டி.

முருங்கைத் தோட்டம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து காலைல 5.45-க்கு மச்சானைக் கூட்டிட்டுச் சொல்லாம போனேன். இன்ஜின் சில்லுன்னு இருந்துச்சு. முதல் செல்ஃப்ல எடுக்கல, மூணாவதுலதான் எடுத்துச்சு. டீசல் வாடையோட வெள்ளைப் புகை, மச்சான் கண்ணைக் கசக்கிட்டு ஓடி வந்துட்டான். ஆறேழு நிமிஷம் கழிச்சுத்தான் நின்னுச்சு. பழனி ரோட்டுல 20 கி.மீ. ஓட்டிட்டு வந்து மூடியைக் கவுத்து வைச்சேன். ரெண்டு தட்டு தட்டிட்டுக் கீழ விழுந்துடுச்சு.

அடியில படுத்துப் பார்த்தேன். இடது பக்கம் பின் பட்டை பிராக்கெட் கிட்ட உள்ளங்கை அகலத்துக்குப் புது கறுப்பு பெயின்ட். சுரண்டினா வெல்டிங் தழும்பு.

இதை விட ஒண்ணு. டிரைவர் கதவைத் திறந்தா அந்த ஓரத்துல ஆயில் கடை ஸ்டிக்கர் ஒண்ணு பாதி கிழிஞ்சு ஒட்டிட்டு இருந்துச்சு. “அடுத்த ஆயில்”னு அச்சு, பக்கத்துல பேனால எழுதினது அழிஞ்சும் அழியாம 2,14,000. தேதி போன வருஷம். மீட்டர் 1,18,000. போட்டோ எடுத்துட்டுப் புரோக்கரைக் கேட்டேன். அது வேற வண்டி ஸ்டிக்கர்னு சொன்னார். பத்து நிமிஷத்துல விலை 4,10,000-க்கு வந்துடுச்சு. எடுக்கலாமான்னு மனசு ஆடுது, அதான் கேக்கறேன்.

டீசல் பட்டறை, தாராபுரம்:
வேண்டாம் தம்பி. இன்ஜின் மட்டும் போயிருந்தா நானே எடுங்கன்னு சொல்லியிருப்பேன். ரிங், போர், நாசில் எல்லாம் பணம் போட்டா புதுசாயிடும், கடைசியா நான் பண்ணினது 90,000 தாண்டிச்சு. அந்தக் கணக்குல இவர் குறைச்ச 75,000 இன்ஜினுக்கே பத்தாது. சேசிஸ் விரிசல் விட்டா ஒட்டு போட்டது போட்டதுதான். 40 பெட்டி தக்காளியோட ராத்திரி ரோட்டுல போறப்ப அந்த ஒட்டு விட்டா உங்க உயிரே அதுலதான் இருக்கு.

மலை லோடு:
நானும் அதையேதான் சொல்றேன் அண்ணா. அட்வான்ஸ் குடுத்திருந்தா இன்னிக்கே போய் அதைத் திருப்பி வாங்கிடுங்க.

முருங்கைத் தோட்டம்:
அட்வான்ஸ் எதுவும் குடுக்கலைங்க. விட்டுட்டேன். நாமக்கல்ல 2019 மாடல் ஒண்ணு சொல்லியிருக்காங்க. ஒரே ஓனர், அவரே ஓட்டறார், முட்டை லோடுதானாம். மீட்டர் 1,90,000, சர்வீஸ் பில் எல்லாம் வைச்சிருக்கார். விலை 5,20,000. ஞாயித்துக்கிழமை காலைல பார்க்கப் போறேன். பட்டறை அண்ணா, நாசில் நல்லா இருக்கான்னு கழட்டாம பார்க்க வழி இருக்கா?

டீசல் பட்டறை, தாராபுரம்:
இருக்கு. மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, ஒரே அளவு காலி பாட்டில் நாலு எடுத்துக்கங்க. நாலு நாசில்ல இருந்தும் வர்ற ரிட்டர்ன் டியூபைக் (மிச்ச டீசல் திரும்பிப் போற சின்ன டியூப்) கழட்டி, ஒவ்வொண்ணையும் ஒரு பாட்டில்ல விட்டு ஐட்லிங்ல ஓட விடச் சொல்லுங்க. நாலுலயும் டீசல் ஏறக்குறைய சமமா ஏறணும். ஒண்ணு மட்டும் வேகமா நிறைஞ்சா அந்த நாசில் போயிடுச்சு, அந்தக் காசை விலையில குறைச்சுக் கேளுங்க. ராத்திரியே வண்டியை வெளிய எடுக்க வேண்டாம்னு ஓனர்கிட்டச் சொல்லி வைங்க. போய் முதல்ல இன்ஜின் மேல கை வைங்க.