தானியங்கிக் கோடிங் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே விண்ணப்பதாரர்களைக் கழித்துவிடலாமா?

கேள்வி (வண்ணார்பேட்டைக்காரர்):

வணக்கம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறேன். அரிசி ஆலைகளுக்கும் மொத்த வியாபாரக் கடைகளுக்கும் பில்லிங், இருப்புக் கணக்கு மென்பொருள்களைச் செய்துகொடுப்பது எங்கள் தொழில். புதிதாக இரண்டு நிரலாளர்கள் தேவை என்று அறிவித்ததும் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன. அத்தனை பேரையும் அழைத்துப் பேச எங்களிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. எழுதிய நிரலுக்கு இயந்திரமே மதிப்பெண் போடும் ஹேக்கர்ரேங்க் போன்ற ஒரு தளத்தில் 90 நிமிடத் தேர்வு வைத்து, 70 மதிப்பெண்ணுக்குக் கீழே எடுத்தவர்களைத் தானாகவே கழித்துவிடலாம் என்கிறார் என் பங்குதாரர். மதிப்பெண்ணுக்கு முகதாட்சணியம் கிடையாது என்பது அவர் வாதம். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் தங்கள் கருத்தைக் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 (ஆய்வக ஆசிரியை):

ஐயா, இப்பகுதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் நிரலாக்க ஆய்வகம் நடத்துகிறேன். தேர்வு வைத்தால், பூஜ்யம் வாங்கியவர்களின் நிரல்களை முதலில் திறந்து பாருங்கள். பயனரிடமிருந்து ஓர் எண்ணைப் பெறுவதற்கு முன் ‘என்டர் தி நம்பர்’ என்று திரையில் அச்சிட வேண்டும் என்று முதலாம் ஆண்டிலிருந்தே நாங்கள் பழக்குகிறோம். செய்முறைத் தேர்வில் அந்த வரி இல்லையென்றால் ஏன் இல்லை என்று தேர்வாளர் கேட்பார். இயந்திரமோ, நிரல் அச்சிடும் எழுத்துகளை எதிர்பார்த்த விடையோடு அப்படியே ஒப்பிடுகிறது. விடை 42 என்றிருக்கையில் ‘என்டர் தி நம்பர் 42’ என்று வந்தால் அது தவறு. அதுவும் ஒரு டெஸ்ட் கேஸில் (நிரலைச் சோதிக்கக் கொடுக்கும் உள்ளீட்டில்) மட்டுமல்ல, எல்லாவற்றிலும் தவறு. தர்க்கம் முழுவதையும் சரியாக எழுதிய மாணவிக்கும், ஒன்றுமே எழுதாமல் சமர்ப்பித்தவருக்கும் ஒரே பூஜ்யம்தான்.

மறைத்து வைக்கப்பட்ட டெஸ்ட் கேஸ்களிலும் இதுபோன்ற சிக்கல் உண்டு. 1 முதல் 1,00,000 வரையுள்ள எண்களைக் கூட்டினால் 5,00,00,50,000 வரும். சி மொழியில் முழு எண்ணை வைக்கப் பயன்படும் வழக்கமான 32 பிட் ‘இன்ட்’ 2,14,74,83,647 வரைதான் தாங்கும். ஆகவே சி-யில் எழுதியவர் தோற்பார். பைத்தானில் அந்த வரம்பு இல்லாததால், அதே தர்க்கத்தை அதில் எழுதியவர் தேறிவிடுவார். சி-யில் எழுதியவரிடம் இருப்பது உண்மையான பிழை, மறுக்கவில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே சொல்லித் திருத்திவிடக்கூடிய பிழை அது.

பதில் 2 (அம்பையிலிருந்து சென்னை):

70 என்ற கட்-ஆஃப் எங்கிருந்து வந்தது என்று உங்கள் பங்குதாரரிடம் கேளுங்கள். உங்களிடம் இப்போது நன்றாக வேலை செய்பவர்களை அதே தேர்வை எழுதச் சொல்லாமல் அப்படி ஓர் எண்ணை வைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. (ஹேக்கர்ரேங்க்கைத் தொடங்கிய விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் திருச்சி என்.ஐ.டி.யில் படித்தவர்கள். நம்மவர் கருவி என்பதற்காக அதன் மதிப்பெண்ணுக்குச் சலுகை கொடுக்க முடியாதல்லவா?)

ஆள்தேர்வு முறைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளை 2022-இல் சாக்கெட் என்ற ஆய்வாளரின் குழுவினர் மறுகணக்கிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்கும் நேர்காணல், பின்னாளைய வேலைத்திறனோடு 0.42 அளவுக்குப் பொருந்தியது (முழுப் பொருத்தம் என்றால் 1). வேலையின் ஒரு பகுதியையே செய்துகாட்டச் சொல்லும் தேர்வு 0.33. எனவே ஒழுங்காக நடத்தும் நேர்காணலை விட்டுவிட்டுத் தேர்வை மட்டும் பிடித்துக்கொள்வதற்கு நியாயமில்லை. மேலும், அந்த 0.33 உங்கள் வேலையைப் போன்ற கணக்குகளுக்குத்தான் பொருந்தும். வரைபடத்தில் குறுகிய பாதை கண்டுபிடிக்கும் புதிர்களுக்கு அல்ல. பத்து மூட்டை விற்று இரண்டு மூட்டை திரும்பி வந்த பில்லில் இருப்பைத் தவறாகக் காட்டும் ஒரு சிறு நிரலை நீங்களே எழுதிக்கொடுத்து, அதைத் திருத்தச் சொல்லுங்கள். அடுத்தவர் எழுதியதைப் படித்துப் பிழை கண்டுபிடிப்பதுதானே உங்கள் அலுவலகத்தில் தினப்படி வேலை? இயந்திரத் தேர்வு வேண்டுமென்றால் 2007-இல் பரவலாகப் பேசப்பட்ட ஃபிஸ்பஸ் (எண்களை வரிசையாக அச்சிடுகையில் 3-ஆல் வகுபடுவதற்கு ‘ஃபிஸ்’, 5-ஆல் வகுபடுவதற்கு ‘பஸ்’, இரண்டாலும் வகுபடுவதற்கு ‘ஃபிஸ்பஸ்’ என்று அச்சிடுவது) அளவுக்கு எளிய கணக்காக வையுங்கள். நிரலே எழுதத் தெரியாதவர்களைப் பிரிப்பதற்கு அது போதும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. மூட்டைக் கணக்கு எங்களுக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனால் வீட்டிலிருந்து எழுதச் சொன்னால் சாட்ஜிபிடி எழுதிக்கொடுத்துவிடுமே?

பதில் 2 (அம்பையிலிருந்து சென்னை):

எழுதிக்கொடுக்கும். கேமராவை வைத்துக் கண்காணித்தாலும் பக்கத்தில் இருக்கும் கைப்பேசி அதில் தெரியாது. எளிய தேர்வை வீட்டிலும், மூட்டைக் கணக்கை உங்கள் அலுவலகத்திலும் வையுங்கள். ஆனால் எழுதுபவரின் தோளுக்குப் பின்னால் நிற்காதீர்கள். 48 மாணவர்களை வைத்து நடத்தி 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கத் தீர்த்தவர்களின் செயல்திறன், தனி அறையில் தீர்த்தவர்களுடையதில் பாதிக்கும் கீழே இறங்கியது. எழுதி முடித்த பிறகு, ஏன் இப்படித் திருத்தினீர்கள் என்று பத்து நிமிடம் பேசுங்கள். எழுதியது அவரா, வேறொன்றா என்பது அந்தப் பேச்சில் தெரிந்துவிடும்.

பதில் 3 (களக்காட்டுப் பட்டதாரி):

அண்ணாச்சி, இப்படிப்பட்ட தேர்வுகளை எழுதி வேலை தேடிக்கொண்டிருப்பவன் என்ற முறையில், உங்கள் பங்குதாரர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்ல விரும்புகிறேன். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகே நிரலைப் பற்றிப் பேசத் தொடங்கிய நேர்காணல்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இயந்திரம் என்னிடம் அதையெல்லாம் கேட்டதில்லை. ஆகவே தேர்வை முற்றிலும் கைவிட்டு, பேசிப் பார்த்து எடுப்பதே நல்லது என்ற முடிவுக்குத் தயவுசெய்து வராதீர்கள். மூட்டைக் கணக்கின் விடைகளை மதிப்பிடுபவர் கையில் பெயரும் ஊரும் இல்லாத நிரல் மட்டும் போய்ச் சேரட்டும்.

தேர்வுக்கு முந்தைய நாளே, மதிப்பெண் இல்லாத ஒரு மாதிரிக் கணக்கை அதே தளத்தில் திறந்துவிடுங்கள். ஆசிரியை சொன்ன ‘என்டர் தி நம்பர்’ சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். நடுவில் மின்சாரமோ இணையமோ போனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா என்பதை அழைப்பு மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். எடுக்காதவர்களுக்கும் ஒரு வரி பதில் அனுப்புங்கள். அது வராததால் அடுத்த வேலைக்கு ஒப்புக்கொள்ளலாமா என்று தெரியாமல் காத்திருப்பவர்கள் எங்களில் பலர்.